நான்கு கிலோவில் ஒரு நாய்

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னுள்ள காலை வேளையில், திவான் பகதூர் ரோட்டிலிருந்து பிரியும் வீதிகளிலும் சம்பந்தம் ரோட்டிலும் உலாவப் போகிறவர்களோடு கூடவே ஓடிவருகிற நாய்களைக் கவனித்தால், அவற்றுள் பல, மனிதரின் முழங்காலுக்கும் எட்டாத சிறு பிராணிகளாக இருப்பதைக் காணலாம். ஒன்று பால்வெண்மையாகவும் கூர்ங்காதுகளோடும் இருக்கும். இன்னொன்று மஞ்சள் கலந்த பழுப்பாய், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் தோன்றும். வேறொன்றுக்கு மூக்கு சற்றே சப்பி, கண்ணை மறைக்கும்படி மயிர் தொங்கும். உடையவரை விசாரித்தால் “பொமேரியனுங்க” என்பார். நாம் இன்னும் ஒரு நிமிஷம் நின்றால், “பொமேரியன் கிராஸுங்க, அம்மாக்காரி எதுன்னு தெரியலீங்க” என்று சேர்த்துக்கொள்வார். வீட்டிலுள்ள முதியவர்களுக்கோ இவையெல்லாம் சடை நாய்தான். இந்தக் கலப்புச் சிறு நாயைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன: உடல் சிறியதாகையால் வளர்ப்பது சுலபம் என்பது ஒன்று, கலப்பாகையால் வியாதி அண்டாது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதனால்தான் இரண்டும் அபாயகரமானவை.

முதலில் அந்தப் பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில், இன்றைய போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பகிர்ந்து கிடக்கும் ஒரு பிரதேசம். அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போன நாய்கள் மடியில் வைத்துக்கொள்ளத்தக்கவை அல்ல. நடுத்தர உருவமும் அடர்ந்த மயிரும் கொண்டவை. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் பிளாரென்ஸ் நகரிலிருந்து மார்க்கோ என்ற சிறிய நாயைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கவே, அரசியின் ருசியைப் பிரபுக்களும், பிரபுக்களின் ருசியை ஊராரும் பின்பற்ற, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அந்த இனத்தின் உடல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தியாவுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் வகை நாய்கள் நம்முடைய வெப்பத்தில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து, இன்று ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்று தனிப்பெயர் பெற்றிருக்கின்றன. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹேன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்துப் புகழ்பெற்ற வெள்ளை நாய் இவ்வினத்தது. தமிழ்நாட்டு வீடுகளில் பொமேரியன் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஸ்பிட்ஸ்தான்; அல்லது இதனோடு லாசா, ஷிட்சு, தெரு நாய் என்று கிடைத்ததெல்லாம் கலந்து பிறந்த குட்டிதான். கொங்கு நாட்டுக்குச் சொந்தமான மடிநாய் இனம் என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்துச் சாளைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலிருந்த நாய்களே இங்கு நாய்கள். தமிழகத்தின் பேர்பெற்ற கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாமே உயர்ந்த காலும் வேட்டைக் குணமும் உடையவை.

இவ்வளவு சிறிய நாய் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பது உயிரியலில் அண்மைக் காலத்தில் அவிழ்ந்த அழகான புதிர்களில் ஒன்று. 2007ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எலைன் ஆஸ்ட்ராண்டர், நேதன் சட்டர் முதலானோர், உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற சுரப்புக்குரிய மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம், ஏறத்தாழ எல்லாச் சிற்றின நாய்களிடமும் இருப்பதையும், பேரினங்களிடம் அநேகமாக இல்லாதிருப்பதையும் கண்டறிந்தனர். மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதனால் புதிதாகத் தோன்றிய மாறுதல் இது என்றே அப்போது பலரும் எண்ணினர். ஆனால் 2022இல் வெளியான ஆராய்ச்சி, சைபீரியாவில் ஏறக்குறைய 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓநாயின் எச்சத்திலேயே சிற்றுருவத்துக்குரிய மாறுதல் இருந்ததைக் காட்டிற்று. அதாவது, நாய் என்ற பிராணி மனிதனோடு சேருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, சிறுத்துப் போவதற்கான சாத்தியம் ஓநாயின் இரத்தத்தில் உறங்கிக் கிடந்தது. மனிதன் அதை எழுப்பினானே தவிர, படைக்கவில்லை. இன்னும் பல மரபணுக்கள் உருவத்துக்குத் துணை செய்கின்றன என்றாலும், இந்த ஒன்றின் பங்கு முதன்மையானது. ஆகவே நம் சோபாவின் மூலையில் சுருண்டு படுத்திருக்கும் நான்கு கிலோ ஜீவன் வேறொரு ஜாதிப் பிராணியன்று. ஓநாய்க்குரிய அத்தனை உறுப்புகளையும், அத்தனை இச்சைகளையும், நாற்பத்திரண்டு பற்களையும் குறுகிய இடத்தில் அடக்கிக்கொண்டிருக்கும் முழு நாய்.

கலப்பைப் பற்றிப் பேசுவதற்குக் கோயமுத்தூரைவிடத் தகுந்த இடம் இந்தியாவிலேயே சிலதான். ஆர்.எஸ்.புரத்துக்கு மேற்கே, மருதமலை ரோட்டில், 1912இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. அங்கே சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், சாறு மிகுந்த தோட்டக் கரும்பை, மெலிந்து நாணல்போல் வளரும் காட்டுக் கரும்போடு சேர்த்து உண்டாக்கிய ‘கோ 205’ என்ற ரகம், 1918இல் வெளியாகி, தென்னாட்டுக் கரும்பு தாங்காத வடஇந்தியத் தட்பவெப்பத்திலும் செழித்தது. பெற்றோர் இருவரையும் மிஞ்சிய வலிமை கலப்பில் பிறந்த சந்ததிக்குக் கிட்டுவதை விஞ்ஞானிகள் வீரிய ஒட்டு ஆற்றல் என்பர். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கும்போது, பாட்டன் பூட்டன் காலத்துக் குறைபாடொன்று தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரே குட்டியில் வந்து கூடிவிடுகிறது. இருவேறு இனங்கள் சேரும்போது, ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கத்து நல்ல மரபணு மறைத்து நிற்கிறது. நாய்க்கும் இது பொருந்துவதே.

ஆனால் கரும்பில் கிடைக்கிற ஒரு வசதி நாயில் கிடையாது. விவசாயி கரும்பை விதையிலிருந்து வளர்ப்பதில்லை; கரணை நடுகிறார். முதல் கலப்பில் கிட்டிய குணம் அந்தக் கரணையோடு அப்படியே ஆயிரம் வயலுக்குப் பரவுகிறது. நாயைக் கரணை போட்டு நடமுடியாது. கலப்பு நாயையும் கலப்பு நாயையும் சேர்த்தால், மெண்டல் 1866இல் பட்டாணிச் செடியில் காட்டியபடி, மறைந்திருந்த குணங்களெல்லாம் மீண்டும் பிரிந்து வெளிப்பட்டு, ஒரே ஈற்றில் ஒரு குட்டி தாத்தாவைப்போல் சப்பை மூக்கும், இன்னொன்று பாட்டியைப்போல் நீண்ட முகமும், மூன்றாவது எவரையும் போலில்லாத உருவமும் பெற்றுப் பிறக்கும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 27,000க்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இவ்விஷயத்தில் நிதானத்தைத் தருகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட 24 பரம்பரை வியாதிகளில் பத்து, தூய இனங்களிடம் அதிகம் காணப்பட்டன. பதின்மூன்றில் தூய இனத்துக்கும் கலப்புக்கும் வேறுபாடே இல்லை. ஒன்று மட்டும் கலப்பு நாய்களிடம் மிகுந்திருந்தது. வேறுபாடில்லாத அந்தப் பதின்மூன்றில் முழங்கால் சில்லு விலகுதலும் ஒன்று. சிறிய நாய்களை மிகுதியாக வாட்டும் வியாதி அது. தாயும் சிறியது, தந்தையும் சிறியது என்னும்போது, சிற்றுருவத்தினால் வருகிற குறைகள் இரு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றை ஒன்று மறைப்பதற்கு அங்கே இடமில்லை.

குட்டி வாங்கப் போகிறவர் தாயைப் பார்க்காமல் வாங்கலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காங்கேயம் காளை பிடிக்கப் போகிற கொங்கு விவசாயி கொம்பையும் திமிலையும் சுழியையும் பார்த்து, எந்தப் பட்டியில் பிறந்தது, தாய் எத்தனை ஈற்று என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார். அதே குடும்பத்தில், நகரத்துக்குக் குடிவந்த பேரன், கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அட்டைப் பெட்டியில் வருகிற குட்டிக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்கிறார். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அந்த விதி வெறும் சட்ட சம்பிரதாயம் அன்று. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் ஐந்து இனங்களையும் அவற்றுள் சிலவற்றின் கலப்புகளையும் வளர்த்துப் பார்த்து, 1965இல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம். அதன் முற்பாதியைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கழித்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறது. பிற்பாதியில் மனிதக் குரலையும், ஆட்டோவின் ஓசையையும், அன்னிய முகங்களையும் அஞ்சாமலிருக்கப் பழகுகிறது.

உணவில்தான் சிறிய உடலின் கணக்கு மிகத் தெளிவாகப் புலப்படும். அண்டாவிலுள்ள வெந்நீரைவிட டம்ளரிலுள்ள காப்பி விரைவில் ஆறுவதுபோல, கனத்தோடு ஒப்பிட மேற்பரப்பு மிகுந்த சிறிய சரீரம் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. அதன் இருதயம் வேகமாக அடிக்கிறது. ஒவ்வொரு கிலோ எடைக்கும் அது எரிக்கிற சக்தியும் கூடுதல். மாக்ஸ் கிளைபர் 1932இல் வகுத்த விதியை ஒட்டி மருத்துவர்கள் போடும் கணக்கின்படி, ஓய்விலிருக்கும் 32 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 940 கிலோ கலோரி வேண்டும். நான்கு கிலோ நாய்க்குச் சுமார் 200. எடை எட்டில் ஒன்று; தேவையோ ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். ஆகையால் மூன்று மாதம் நிரம்பாத சிறு குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வரைக்கும் போகக்கூடும். நாளைக்கு நான்கு முறை சிறுகச் சிறுக ஊட்டவேண்டும். தளர்ந்துவிட்டால் ஈறில் சிறிது தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடவேண்டும்.

வளர்ந்த பிறகு அபாயம் எதிர்த்திசைக்கு மாறுகிறது. வீட்டுக்குள் நடமாடும் நான்கு கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் 300 கிலோ கலோரி அளவில் போதும்; ஓர் இட்லியில் ஏறத்தாழ 50 இருக்கிறது. தாத்தா ஒரு விள்ளல், பாட்டி ஒரு விள்ளல், பள்ளியிலிருந்து வந்த குழந்தை இரண்டு பிஸ்கட் என்று அன்போடு கொடுப்பதெல்லாம் சேர்ந்தால், அன்றைய ஆகாரத்தில் ஒரு பெரும் பங்கு கணக்கில் வராமலே உள்ளே போய்விடும். விஷத்துக்கும் இதே கணக்குத்தான். சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின், கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே நாய்க்கு வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும். நான்கு கிலோ நாய்க்கு அந்த அளவு, கறுப்புச் சாக்லேட்டில் பதினைந்து கிராமுக்குள்ளேயே இருக்கிறது. கொங்குச் சமையலின் உயிரான சின்ன வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது; கிலோவுக்கு 15 கிராம் முதற்கொண்டே தீங்கு தென்படலாம் என்பதால், சாம்பாரில் கிடக்கும் ஒரு கைப்பிடி வெங்காயம் போதும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்கிறது. எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகையால் விசேஷ நாளில் இலையிலிருந்து எடுத்து ஊட்டும் வழக்கத்தை முற்றும் விட்டுவிடுவதே நல்லது. வேகவைத்த கோழி இறைச்சியும் சோறும், உப்பும் மசாலாவும் இல்லாமல், தனியாக எடுத்து வைப்பதில் யாருக்கும் சிரமமில்லை. ஆயினும் அதை மாத்திரம் நித்திய ஆகாரமாக்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்பதால், சரிவிகித உணவுக்கு மருத்துவரின் யோசனை அவசியம்.

தாடை குறுகிற்றே தவிரப் பல்லின் எண்ணிக்கை குறையவில்லை. 28 பால் பற்கள் நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் விழுந்து, 42 நிலைப் பற்கள் முளைக்கவேண்டும். சிற்றினங்களில் கோரைப் பல் பல வேளைகளில் விழாமல் நின்றுவிட, புதுப் பல் அதன் பக்கத்தில் முளைத்து, இரண்டுக்கும் நடுவே உணவு தங்கி, ஈறு அழுகத் தொடங்கும். வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்று விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறி. குட்டிப் பருவத்திலேயே விரலில் மெல்லிய துணியைச் சுற்றிப் பல்லைத் துடைத்துப் பழக்கினால், பின்னர் பிரஷ்ஷுக்கு அது இணங்கும். மனிதர் பயன்படுத்தும் பற்பசை மட்டும் கூடாது.

எலும்பையும் மூட்டையும் பற்றி, ஆர்.எஸ்.புரத்தின் பழைய ஓட்டு வீடுகளும் சிவப்புச் சிமெண்டுத் தரைகளும் மறைந்து, அடுக்குமாடிகளும் வழவழப்பான டைல்ஸ் தரைகளும் வந்துவிட்ட இந்நாளில், தனியே சொல்லவேண்டியிருக்கிறது. சில்லு விலகும் இயல்புள்ள முழங்கால், வழுக்கும் தரையில் ஒவ்வொரு திருப்பத்திலும் நழுவப் பார்க்கிறது. ஓடுகிற நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் நாலைந்து அடி துள்ளிவிட்டுப் பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடுமாயின், அதை விளையாட்டென்று எண்ணிவிடலாகாது. நாய் புழங்கும் வழியில் சணல் விரிப்பு போடுவதும், நகத்தையும் உள்ளங்கால் மயிரையும் வெட்டிவைப்பதும் பெரும் பாதுகாப்பு. கட்டிலிலிருந்தோ குழந்தையின் கையிலிருந்தோ குதித்து முன்னங்கால் எலும்பு முறிவது மிகச் சிறிய நாய்களில் அடிக்கடி நேர்கிறது. மணிக்கட்டுக்கு மேலுள்ள அந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் குறைவாகையால், கூடுவதும் தாமதமாகிறது. கழுத்தில் பெல்ட் மாட்டி இழுப்பதும் வேண்டாம். மூச்சுக் குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் சிற்றினங்களில் வயதேற ஏறத் தட்டையாகும் தன்மையுடையவை; வாத்து கத்துவதைப் போன்ற வறட்டு இருமல் அதன் அடையாளம். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் இதற்கு எளிய பரிகாரம்.

வெயிலைக் கண்டு பயந்து மயிரை ஒட்டச் சிரைத்துவிடுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீமை. ஸ்பிட்ஸ் வழி வந்த நாய்க்கு நீண்ட மேல்மயிரும் பஞ்சுபோன்ற உள்மயிருமாக இரண்டு அடுக்கு உண்டு. உள்மயிரைச் சீவி எடுத்துக் காற்றோட்டம் உண்டாக்கினால் போதும். சிரைத்தால் வெயில் நேரே தோலில் படும், சில நாய்களுக்கு மயிர் மீண்டும் சரியாக வளர்வதுமில்லை. லாசா, ஷிட்சு வழி வந்தவற்றின் மயிர் உதிராமல் வளர்ந்துகொண்டே போகும் தன்மையுடையதாகையால், அவற்றுக்குக் கத்தரிப்பு வேண்டும். சப்பை மூக்கும் சேர்ந்திருந்தால் நடுப்பகல் வெயிலில் வெளியே கொண்டுபோகவே கூடாது, ஏனெனில் நாய் உடலைக் குளிர்விப்பது முதன்மையாக மூச்சிரைப்பினால்தான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது நிலைமை மாறுகிறது. குளிப்பாட்டிய சிறு நாயைத் துவட்டாமல் விட்டால் வெடவெடக்கும். எல்லாப் பருவத்திலும் உண்ணியைத் தேடவேண்டும்: காது மடிப்பிலும் விரலிடுக்கிலும். எர்லிக்கியா என்ற கிருமியை உண்ணி ஊசியின்றியே இரத்தத்தில் செலுத்திவிடுகிறது. மூக்கில் இரத்தம் வடிந்த பிறகு ஓடுவதைவிட, தின்பதை நிறுத்திக் காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனை செய்வது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

சுபாவத்தைப் பற்றி முன்கூட்டி ஜோஸ்யம் சொல்ல இயலாது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தவர்கள், ஒரு தனி நாயின் நடத்தையில் சுமார் ஒன்பது சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். சிறிய நாய்கள் ஓயாமல் குரைப்பதும் சீறுவதும் பிறவிக் குணம் என்கிறோம். வியன்னாவில் நடந்து 2010இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, சிறிய நாயை வளர்ப்பவர்கள் கட்டளையில் உறுதி குறைந்தவர்களாகவும், அதனோடு விளையாடுவதும் பயிற்றுவதும் குறைவாகவும் இருப்பதைக் காட்டுகிறது. அல்சேஷன் உறுமினால் உடனே திருத்துகிறோம். நான்கு கிலோ நாய் உறுமினால் சிரித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறோம். அது உறுமியது அச்சத்தினாலா என்று எவரும் கேட்பதில்லை. அதன் கண் மட்டத்திலிருந்து பார்த்தால், குனிந்து நீளும் ஒவ்வொரு கையும் ஆகாயத்திலிருந்து இறங்கும் கை. அதற்கும் நடை வேண்டும். மோப்பம் பிடிக்க மண் வேண்டும். தெரு நாய் எதிர்ப்பட்டால் பதறித் தூக்காமல் அமைதியாக வழி மாறிச் செல்லும் எஜமானர் வேண்டும்.

“இத்தினியூண்டு நாய்க்கும் அந்த ஊசி வேணுங்களா, டாக்டரு?” என்று கேட்கிற பாட்டிமார்கள் உண்டு. வேண்டும். வெறிநோய்க் கிருமிக்கு நாயின் எடை தெரியாது. வாசற்படியில் ஒரு நிமிஷம் தெரு நாயோடு மூக்கு உரசிச் சண்டையிட்ட மடிநாய், குழந்தையின் முகத்தை நக்கும் அந்தரங்கத்தில் இருப்பதனால் இன்னும் அபாயகரமானது. கோயமுத்தூர்க்காரர்கள் இதை மறக்கலாகாது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பிறகு, கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறிச் சென்று சிகிச்சை பெற்ற காலம் ஒன்று இருந்தது. வயிற்றில் நாள்தோறும் போட்ட அந்த நரம்புத் திசு ஊசிகளை இந்தியா 2004இன் இறுதியில்தான் கைவிட்டது. இன்றுள்ள தடுப்பூசி பாதுகாப்பானது: குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் குறிக்கிறபடி ஆண்டுதோறும். கடியோ கீறலோ பட்ட மனிதர், வீட்டு நாய்தானே என்று இராமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் புண்ணைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மற்றத் தடுப்பூசிகள், பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்குரியவை, ஆறாவது எட்டாவது வாரத்தில் தொடங்கிப் பதினாறாவது வாரம் வரை தவணையாகப் போடப்படுகின்றன.

யானை எலியைவிட நெடுங்காலம் வாழ்கிறது. நாய் ஜாதிக்குள்ளோ இந்த விதி தலைகீழாகி, சிறியவை பெரியவற்றைவிட நீடித்து வாழ்கின்றன. உடலைச் சிறுக்கவைத்த அதே வளர்ச்சிச் சுரப்பின் குறைவு ஆயுளை நீட்டுவதிலும் பங்கு பெறுகிறது என்று கருத இடமுண்டு. நன்கு பேணப்பட்ட சிறிய கலப்பு நாய் பதின்மூன்று, பதினைந்து ஆண்டுகள் இருக்கும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியேறிவிட, அறுபத்தைந்து வயதுக்கு மேல் துணைக்கென ஒரு குட்டியை வாங்கும் தம்பதிகள் ஆர்.எஸ்.புரத்தில் ஏராளம், அந்த நாய்க்கு முதுமை வரும்போது அவர்களுக்கு எண்பது. சிறிய நாய்களின் முதுமைக்குரிய வியாதி, இருதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துக் கசிவது. ஆண்டுக்கொரு முறை மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலே தொடக்கத்தில் தெரிந்துவிடும். வீட்டிலேயே, நாய் அயர்ந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்த்து, முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் அன்றே காட்டவேண்டும். இருதயம் பெருத்துவிட்ட, ஆனால் இன்னும் தளராத நாய்களுக்குப் பிமோபெண்டன் என்ற மருந்து, தளர்ச்சி தோன்றுவதைச் சராசரியாகப் பதினைந்து மாதம் ஒத்திப்போடுகிறது என்று 2016இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியொன்று நிரூபித்தது. அம்மருந்தை நாள்தோறும் இரு வேளை தவறாமல் கொடுக்கவேண்டும். ஆகவே குட்டியை வீட்டுக்கு எடுத்துவரும் முன்னரே, தாங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாலோ மகனிடம் ஆறு மாதம் போய்விட்டாலோ அந்த மாத்திரையைக் கொடுக்க இன்னார் பொறுப்பு என்று, அவருடைய சம்மதத்தோடு, தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட வேண்டும்.